காலணிக் காப்பகத்து டோக்கன்: குக்கீயின் வரலாறும் வாசிப்பும்

கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை இணையவழி நிரப்புவதற்கான கடைசி நாளின் பிற்பகல் அது. எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தின் இருபது கணினிகளை மாணவர்கள் முறைவைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை அன்று எனக்கு. முதுகலை முதலாமாண்டு மாணவி ஒருத்தி கலங்கிய முகத்துடன் எழுந்து வந்தாள். "ஐயா, மெயிலத் திறந்தேன். வேற யாரோடதோ திறந்துக்கிச்சு. நான் பாஸ்வேர்டே போடல" என்றாள்.

போய்ப் பார்த்தேன். காலையில் அதே இருக்கையில் அமர்ந்திருந்த இன்னொரு மாணவியின் அஞ்சல்பெட்டி. கணக்கிலிருந்து வெளியேறாமல் சன்னலை மட்டும் மூடிவிட்டுப் போயிருக்கிறாள். மேல்வரியில் அவளுடைய தாயாரின் மருத்துவப் பரிசோதனை முடிவு. நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் பார்வையை விலக்கிக்கொண்டோம்.

அந்தக் கணக்கை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள்: "உக்காந்திருக்கிறது யாருன்னு இதுக்கு எப்படிங்கய்யா தெரியும்?" தமிழ் வாத்தியாரிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லைதான். இருந்தாலும் எஃப் 12 விசையை அழுத்தினேன். உலாவியின் ஓரத்தில் பொறியாளர்களுக்கான பலகை ஒன்று விரிந்தது. அதில் குக்கீகள் என்ற தலைப்பின் கீழ் அட்டவணையாகச் சில வரிகள். அந்த அஞ்சல் தளத்தின் பெயரில் இருந்த வரிகளை அழித்தேன். பக்கத்தைப் புதுப்பித்ததும் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நின்றது. சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு வரிதான் கதவு. அந்த வரி போனால் கதவு சாத்திக்கொள்கிறது.

அந்த வரி எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, அதை நாம் எப்படி வாசிப்பது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். முப்பது ஆண்டுகளைச் சற்றே கடந்த அந்த வரலாற்றை இலக்கிய வாசகர்களும் அறிந்திருப்பது நல்லது என்று தோன்றியதால் இக்கட்டுரை.

*

வையவிரிவு வலை பிறவியிலேயே மறதி உடையது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989 மார்ச்சில் டிம் பெர்னர்ஸ் லீ அதற்கான முன்மொழிவை எழுதினார். ஆய்வாளர்கள் ஒருவர் ஆவணத்தை மற்றவர் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காக அவர் வகுத்த எச்டிடிபி என்னும் நெறிமுறை மிக எளிமையானது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். வழங்கி அதை அனுப்பும். அத்தோடு இருவருக்கும் உள்ள உறவு முடிந்தது. அடுத்த நொடியே அதே உலாவி இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும் வழங்கிக்கு அது முன்பின் அறியாத விருந்தாளிதான்.

இதைக் குறை என்று அன்று எவரும் கருதவில்லை. யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லாத வழங்கியின் சுமை குறைவு. அதை அமைப்பது எளிது. ஒன்று பழுதானால் இன்னொன்று அந்த இடத்தில் நின்று பதில் சொல்லலாம். படிப்பவருக்கும் இதில் ஒரு சுதந்திரம் இருந்தது. நூலகத்தில் எந்த அடுக்கின்முன் எவ்வளவு நேரம் நின்றோம் என்று குறித்துவைக்க ஆள் இல்லை.

வலையில் கடை திறக்க நினைத்தபோதுதான் இந்த மறதி இடைஞ்சலாயிற்று. ஒரு நூலைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்தால், கடைக்காரர் நம்மை மறந்துவிடுகிறார், கூடையையும் மறந்துவிடுகிறார். இப்படி ஒரு கடையில் வாணிபம் நடக்காது.

1994ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் முதல் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்தது. எம்சிஐ என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்துக்காக இணையக் கடை ஒன்றை அமைக்கும் பணியும் அதன் கையில் இருந்தது. பாதியில் நிற்கும் கொள்முதல்களைத் தன் வழங்கிகளில் சேமித்துவைக்க எம்சிஐ விரும்பவில்லை. அவற்றை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைக்க வழியுண்டா என்று கேட்டது. இந்தச் சிக்கல் லூ மாண்டுல்லி என்ற இளம் பொறியாளரிடம் வந்து சேர்ந்தது. அவர் அப்போது இருபதுகளில் இருந்தார். அதற்கு முன்பே கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் லிங்க்ஸ் என்னும் எழுத்துவடிவ உலாவியை உருவாக்கியவர்களில் ஒருவர்.

எளிய தீர்வு ஒன்று கண்முன்னே இருந்தது. ஒவ்வோர் உலாவிக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்து, செல்லும் தளங்களுக்கெல்லாம் அதைச் சொல்லச் செய்துவிட்டால் போதும். மாண்டுல்லி அதை ஏற்கவில்லை. எல்லாத் தளங்களும் ஒரே எண்ணைக் கண்டால், அவை கூடிப்பேசி ஒருவர் எங்கெல்லாம் போகிறார் என்று தெரிந்துகொள்ளும் என்பது அவர் அச்சம். பிற்காலத்தில் இதை அவரே விளக்கியிருக்கிறார். அவர் தேர்ந்த வழி வேறு. ஒவ்வொரு தளமும் தனித்தனியாக ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுத்துவைக்கலாம். அடுத்த முறை அந்தத் தளத்துக்குப் போகும்போது உலாவி அதைத் திருப்பிக் காட்டும். கொடுத்த தளத்தைத் தவிர வேறு எவருக்கும் காட்டாது.

நம் கோயில் வாசல்களில் உள்ள காலணிக் காப்பகத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கிவிடும். காலணியைக் கொடுத்தால் எண் பொறித்த தகட்டு டோக்கன் ஒன்று தருகிறார்கள். 47 என்ற எண்ணுக்கு நம்மிடத்தில் எந்தப் பொருளும் இல்லை. அடுத்த கோயில் வாசலில் அதைக் காட்டினாலும் பயனில்லை. கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அது நம் காலணியாகிறது. காப்பகத்துக்காரர் நம் முகத்தை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. நினைவு நம் சட்டைப்பையில் இருக்கிறது.

மாண்டுல்லியும் ஜான் ஜியானாண்ட்ரியாவும் அந்த ஆண்டிலேயே இதற்கான விதிகளை எழுதினார்கள். ஒரு குக்கீ நான்கு கிலோபைட்டுக்கு மேற்படக் கூடாது, ஒரு தளத்துக்கு இருபது, மொத்தம் முந்நூறு. 1994 அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப்பின் முதல் சோதனைப் பதிப்பிலேயே இந்த வசதி இருந்தது. நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்துக்கு வருபவர் முன்பே வந்தவரா என்று அறிவதே அதன் முதல் பயன்பாடு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. யுனிக்ஸ் நிரலாளர்களிடையே, ஒரு நிரல் இன்னொன்றிடம் கொடுத்துத் திரும்பப் பெறும் பொருளறியாத் துணுக்குக்கு மாயக் குக்கீ என்ற பெயர் முன்பே வழங்கிவந்தது. அதிலிருந்தே மாண்டுல்லி எடுத்துக்கொண்டார். ஆனால் நெட்ஸ்கேப்பின் விதி ஆவணமோ, இப்பெயருக்கு வலுவான காரணம் ஏதுமில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. நன்னூல் படித்தவர்களுக்கு இது இனிக்கும்: குக்கீ ஓர் இடுகுறிப்பெயர். தமிழில் இப்போது வழங்கும் 'நினைவி' காரணப்பெயர். மூலத்தில் இல்லாத தெளிவு தமிழ்ச்சொல்லில் இருக்கிறது. எனினும் பரவலாக வழங்குவது குக்கீ என்பதால் அதையே இங்கும் எழுதுகிறேன்.

*

தொடக்கக் காலக் குக்கீகளைப் பார்ப்பதற்குத் தனிக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. நெட்ஸ்கேப் அவற்றை எல்லாம் ஒரே எளிய உரைக்கோப்பில் எழுதிவைத்தது. எந்த எழுத்துச் செயலியிலும் அதைத் திறக்கலாம். ஒரு வரிக்கு ஒரு குக்கீ. ஒவ்வொரு வரியிலும் ஏழு பத்திகள். எந்தத் தளத்துக்கு உரியது, அதன் கிளைத்தளங்களுக்கும் செல்லுமா, தளத்தின் எந்தப் பகுதிக்கு, மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் அனுப்ப வேண்டுமா, எப்போது காலாவதி, பெயர், மதிப்பு. கல்வெட்டு வாசிப்பில் பழகியவர்கள் இந்த ஒழுங்கை உடனே அடையாளம் காண்பார்கள். கொடுத்தவர், பெற்றவர், எல்லை, காலம் என்று வரிசை பிறழாமல் வரும்.

தேடிப்போனவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தேடிப்போக வேண்டும் என்பதே மக்களுக்குத் தெரியாது. உலாவியில் இவ்வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதாக யாரும் அறிவிக்கவில்லை. 1996 பிப்ரவரி 12 அன்று லண்டனின் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழில் வெளியான கட்டுரையே இதைப் பொதுமக்கள் பேச்சாக்கியது. நம் கணினியில் நம்மைக் கேளாமல் எவரோ எழுதிவைக்கிறார்கள் என்ற செய்தி பலரைத் திடுக்கிடச் செய்தது. அமெரிக்க வணிக ஆணையம் 1996இலும் 1997இலும் நடத்திய விசாரணைகளில் குக்கீ ஒரு பொருளாயிற்று.

அதற்குள் குக்கீக்கு அதன் படைப்பாளர் எண்ணியிராத பயன் ஒன்றும் வந்துவிட்டது. நாம் படிக்கும் ஒரு பக்கத்தில் உள்ள விளம்பரப் படம் அந்தத் தளத்திலிருந்தே வரவேண்டும் என்பதில்லை. விளம்பர நிறுவனத்தின் வழங்கியிலிருந்தும் வரலாம். படம் வரும்போது கூடவே விளம்பர நிறுவனத்தின் குக்கீயும் வரும். அதே நிறுவனம் ஆயிரம் தளங்களில் படம் போட்டால், ஆயிரம் தளங்களிலும் தன் குக்கீயைத் தானே திரும்பப் பெறும். கொடுத்தவருக்கு மட்டுமே காட்டப்படும் என்ற விதி மீறப்படவில்லை. ஆனால் விதியின் நோக்கம் தோற்றது.

கோயில் உவமையையே தொடர்ந்தால், எல்லாக் கோயில்களின் வாசலிலும் காலணிக் காப்பகத்தைக் குத்தகை எடுத்தவர் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோயிலில் தந்த டோக்கனையே எல்லாக் கோயிலிலும் அவர் வாங்கிப் பார்க்கிறார். நம் பெயர் அவருக்குத் தெரியாது. 47ஆம் எண்ணுக்காரர் செவ்வாய்க்கிழமை எங்கே போனார், மருந்தீசுவரர் சந்நிதியில் எவ்வளவு நேரம் நின்றார் என்பது மட்டும் தெரியும்.

இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் குழு இதைக் கவனிக்காமல் இல்லை. 1997 பிப்ரவரியில் டேவிட் கிறிஸ்டலும் மாண்டுல்லியும் எழுதிய ஆர்எஃப்சி 2109 என்ற ஆவணம் வெளிவந்தது. இவ்வகை மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் தாமாக ஏற்கக் கூடாது என்றது அது. குக்கீயின் மீது பயனருக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும் வலியுறுத்தியது. எவ்வாறெல்லாம் அக்கட்டுப்பாட்டைத் தரலாம் என்பதற்கு அது காட்டிய உதாரணங்களில் ஒன்று, குக்கீயின் உள்ளடக்கத்தை எப்போது வேண்டுமானாலும் பார்ப்பதற்கு வழிசெய்வது. பார்க்கும் வசதி என்பது பின்னால் ஒட்டவைத்த சலுகை அன்று. தொடக்கத்திலேயே எழுதப்பட்ட ஒன்று.

அன்று சந்தையில் இருந்த இரு பெரிய உலாவிகளும், நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும், மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தாமாகத் தடுக்கவில்லை. விரும்புபவர் அமைப்புகளில் தேடித் தடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டன. ஆவணத்தில் பெயர் உள்ள மாண்டுல்லியே நெட்ஸ்கேப்பில் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. அவர் சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது. குக்கீயைத் தடுத்தால் விளம்பரக்காரர்கள் வேறு தந்திரத்தைக் கண்டுபிடிப்பார்கள்; அது பயனரின் கண்ணுக்கே தெரியாததாக இருக்கும். குக்கீயையாவது பார்க்கலாம், அழிக்கலாம். இதில் நிறுவன நலன் எவ்வளவு கலந்திருந்தது என்று வாசகர் ஐயுறலாம். ஆனால் அந்த எச்சரிக்கை பிற்காலத்தில் பலித்தது.

*

பெயர் தெரியாத டோக்கனால் என்ன கெட்டுப்போய்விடும் என்ற கேள்விக்கு 1999இல் விடை கிடைத்தது. இணைய விளம்பரத்தில் முன்னணியில் இருந்த டபுள்கிளிக் நிறுவனம், அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை 170 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அஞ்சல்வழி விற்பனையில் பொருள் வாங்கும் கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயர், முகவரி, கொள்முதல் விவரம் ஆகியவை அபாகஸிடம் இருந்தன. குத்தகைக்காரர் ஊர்க் குடும்பப் பதிவேட்டையும் விலைக்கு வாங்கிவிட்டார். 47ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் இனி ஒரு பெயரை எழுத முடியும்.

2000 பிப்ரவரியில் எபிக் என்ற தனியுரிமை அமைப்பு வணிக ஆணையத்திடம் முறையிட்டது. எதிர்ப்பு வலுத்தது. மார்ச்சில் டபுள்கிளிக் அந்த இணைப்புத் திட்டத்தை நிறுத்திவைத்தது. 2001 ஜனவரியில் ஆணையம் தன் விசாரணையை முடித்துக்கொண்டது. 2008இல் டபுள்கிளிக் கூகுளின் உடைமையாயிற்று.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு இதைவிடப் பிடித்தமானது. அமெரிக்க நடுவண் அரசின் தளங்கள் நிரந்தரக் குக்கீகளைத் தக்க காரணமின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று 2000 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 2005 டிசம்பரில், அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமையின் தளம் தன் கணினியில் வைத்த குக்கீகளைத் தனியுரிமை ஆர்வலர் ஒருவர் பார்த்தார். காலாவதிப் பத்தியில் இருந்த ஆண்டு 2035. அவர் புகார் செய்தார், செய்தித்தாள்களில் வந்தது, மென்பொருளைப் புதுப்பித்தபோது நேர்ந்த தவறு என்று கூறி முகமை அவற்றை விலக்கிக்கொண்டது. உலகின் மிகப்பெரிய ஒட்டுக்கேட்பு நிறுவனத்தை ஒரு தனிமனிதர் திருத்தினார். அவர் கணினியை உடைத்து உட்புகவில்லை. தன் கணினியில் இருந்த ஒரு வரியை நிதானமாக வாசித்தார், அவ்வளவுதான்.

*

நாமும் வாசிக்கலாம். மேசைக் கணினியில் குரோம் உலாவியில் எஃப் 12 அழுத்தி 'அப்ளிகேஷன்' என்ற பிரிவுக்குப் போனால் இடப்பக்கம் குக்கீகளின் கிளை தெரியும். ஃபயர்ஃபாக்ஸில் அப்பிரிவின் பெயர் 'ஸ்டோரேஜ்'. தளத்தின் பெயரைச் சொடுக்கினால் அட்டவணை விரியும்.

முதலில் 'டொமைன்' பத்தியைப் பார்க்க வேண்டும். நாம் படிக்கும் தளத்தின் பெயரே அங்கிருந்தால் அது வீட்டுக்காரர் கொடுத்த டோக்கன். வேறு பெயர் இருந்தால் குத்தகைக்காரருடையதாக இருக்கலாம். அடுத்து காலாவதி. 'செஷன்' என்று இருந்தால் பொதுவாக உலாவியை மூடும்போது போய்விடும். தேதி இருந்தால் அதுவரை தங்கும். முன்பு பத்தாண்டு, முப்பதாண்டு என்று எழுதிவைக்க முடிந்தது. குரோம் 2022 முதல் 400 நாளை உச்சவரம்பாக வைத்திருக்கிறது.

மதிப்பு என்ற பத்தி பெரும்பாலும் பொருளற்ற எழுத்துக்குவியலாக இருக்கும். மனந்தளர வேண்டாம்; 47 என்ற எண்ணுக்கும் பொருள் இல்லையே. ஆனால் சில குக்கீகள் வாசிக்கக் கூடியவை. வருகையாளர்களைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைக்கும் குக்கீயின் பெயர், ஓர் அடிக்கோடும் ஜி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும். அதன் மதிப்பில் புள்ளிகளால் பிரித்த எண்கள் இருக்கும். கடைசிக்கு முந்தையது குருட்டுவாக்கில் தேர்ந்த எண். அதுவே அத்தளத்தில் நம் டோக்கன் எண். கடைசி எண், 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து கணக்கிட்ட வினாடிகளின் தொகை. அந்தக் குக்கீ முதலில் வைக்கப்பட்ட நேரம். கடைசி எண் 1700000000 என்றிருந்தால், 2023 நவம்பர் 15ஆம் நாள் விடியற்காலை, இந்திய நேரம் 3 மணி 43 நிமிடத்துக்கு அந்தக் குக்கீ பிறந்திருக்கிறது என்று பொருள். அன்று அந்நேரத்தில் உறக்கம் வராமல் எதைத் தேடினோம் என்பதை நாம் மறந்திருப்போம். வரி மறக்கவில்லை.

அட்டவணையில் 'எச்டிடிபி ஒன்லி', 'செக்யூர்', 'சேம்சைட்' என்று இன்னும் சில பத்திகள் உண்டு. இவை டோக்கன் திருட்டைத் தடுக்க வந்தவை. முதலாவது இருந்தால், பக்கத்தில் ஓடும் நிரல்துண்டுகளால் அந்தக் குக்கீயைப் படிக்க முடியாது. 2002இல் மைக்ரோசாஃப்ட் இதைக் கொண்டுவந்தது. இரண்டாவது இருந்தால் மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டுமே குக்கீ பயணம் செய்யும். மூன்றாவது, வேறு தளத்திலிருந்து கிளம்பும் வேண்டுகோளோடு குக்கீ போகலாமா கூடாதா என்பதைச் சொல்கிறது.

இவற்றின் தேவையை உலகம் வலியோடுதான் கற்றது. 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற நீட்சியை வெளியிட்டார். தேநீர்க்கடை போன்ற பொது இடங்களின் திறந்த வைஃபையில் அதை இயக்கினால், அங்கே அமர்ந்திருப்பவர்களின் நுழைவுக் குக்கீகள் அப்படியே அகப்பட்டன. பெயரைச் சொடுக்கினால் அவர் கணக்குக்குள் நுழையலாம். கடவுச்சொல் தேவையில்லை. பெரிய தளங்கள் முழுமையாக மறையாக்கத்துக்கு மாறியதில் அந்த அதிர்ச்சிக்கும் பங்குண்டு. எங்கள் ஆய்வகத்தில் நடந்ததும் சாராம்சத்தில் இதுவே. டோக்கனை வைத்திருப்பவரே காலணிக்கு உரியவர். முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பழைய உரைக்கோப்பும் மறைந்தது. இன்றைய உலாவிகள் குக்கீகளைத் தரவுத்தளக் கோப்பில் வைக்கின்றன; குரோம் அவற்றின் மதிப்பை மறையாக்கம் செய்தே வைக்கிறது. குக்கீ திருடும் தீநிரல்கள் பெருகியதால் 2024இல் விண்டோஸ் கணினிகளில் அந்தப் பூட்டை மேலும் இறுக்கியது. நியாயமான ஏற்பாடு. ஆனாலும் எழுத்துச் செயலியில் திறந்து படித்த அந்த எளிய ஏடு இப்போது பொறியாளர் பலகைக்குள் போய்விட்டது என்பதையும் குறித்துவைக்க வேண்டும்.

*

சட்டத்தின் கதை ஐரோப்பாவில் நடந்தது. மின்னணுத் தொடர்பில் தனியுரிமை பற்றிய 2002ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை, குக்கீயைப் பற்றித் தகவல் தர வேண்டும், மறுக்க வழி வேண்டும் என்றது. 2009இல் அது திருத்தப்பட்டது. முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும் என்றாயிற்று. 2018 மே 25 அன்று பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் ஒப்புதல் என்றால் என்ன என்பது இன்னும் கடுமையாக வரையறுக்கப்பட்டது. முன்பே குறியிட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபர் முதல் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்பது ஒரு சொடுக்கிலும் மறுப்பது பல சொடுக்குகளிலும் அமைந்திருப்பது தவறு என்று கூறி, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

சென்னையில் அமர்ந்து ஒரு சிறுகதையைப் படிக்கப் போகும் நம் கண்ணை மறைத்து எழும் அந்தப் பலகை இப்படித்தான் வந்தது. நல்ல நோக்கத்தில் பிறந்ததுதான். ஆனால் அது கேட்பது ஒப்புதலை மட்டும். டோக்கன் எது, யார் கொடுத்தது, எத்தனை நாளைக்கு என்பவை அதன் உள்மடிப்புகளில் ஒளிந்திருக்கின்றன. நாம் ஒன்றும் பார்க்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டுக் கதைக்குப் போகிறோம். பார்ப்பதற்காக வைக்கப்பட்ட ஒன்றைப் பார்க்காமலே தாண்டிச் செல்லும் பழக்கம் அந்தப் பலகையாலேயே நமக்கு ஏற்பட்டுவிட்டது.

உலாவிகளும் மெல்ல வழிக்கு வந்தன. ஆப்பிளின் சஃபாரி 2003இல் வந்தபோதே மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பெரும்பாலும் தடுத்தது. 2020 மார்ச்சில் முழுமையாக நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் 2019 முதல் பின்தொடரும் குக்கீகளைத் தானாகவே தடுக்கிறது. கூகுள் இரண்டே ஆண்டுகளில் குரோமிலிருந்து அவற்றை நீக்குவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு 2023 என்றது, 2024 என்றது, 2025 என்றது. 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. 1997இன் ஆவணம் சொன்னதை, உலகில் மிகுதியாகப் பயன்படும் உலாவி இன்னும் செய்து முடிக்கவில்லை.

இதற்கிடையில் மாண்டுல்லி அஞ்சிய மற்றொன்றும் வந்துவிட்டது. திரையின் அளவு, எழுத்துருக்களின் பட்டியல், நேர மண்டலம், உலாவியின் பதிப்பு போன்ற சிறு விவரங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கணினியை ஏறத்தாழத் தனித்து அடையாளம் காணலாம். கைரேகை எடுத்தல் என்றே இதற்குப் பெயர். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில் ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம் உலாவிகள் பங்குபெற்றன. அவற்றில் 83.6 விழுக்காடு மற்ற எதனோடும் ஒத்துப்போகவில்லை. இந்த முறையில் நம்மிடம் டோக்கன் எதுவும் தரப்படுவதில்லை. அட்டவணையில் வரி இல்லை, காலாவதி இல்லை, அழிப்பதற்கும் ஒன்றுமில்லை. வாசலில் நிற்பவர் நம் நடையைப் பார்த்தே குறித்துக்கொள்கிறார்.

குக்கீயைத் திட்டித் தீர்ப்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லாததற்கு இதுவே காரணம். அது செய்த தீங்குகளை மேலே சொல்லியிருக்கிறேன். ஆனால் நம்மைப் பற்றிய குறிப்பை நம் வீட்டிலேயே, நம் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது அது ஒன்றுதான். மற்ற பதிவேடுகள் எல்லாம் நாம் ஒருபோதும் நுழைய முடியாத அறைகளில் இருக்கின்றன. கைக்கெட்டியதையும் நாம் வாசிக்காவிட்டால், எட்டாததைப் பற்றிக் கேள்வி எழுப்பும் தெம்பு எங்கிருந்து வரும்?

மறுநாள் அந்த இரண்டு மாணவிகளும் என் அறைக்கு வந்தார்கள். அஞ்சல்பெட்டிக்கு உரியவள் தலைகுனிந்து நின்றாள். அவள் தாயாரின் உடல்நலம் விசாரித்தேன். "பயப்படற மாதிரி இல்லைன்னு சொல்லிட்டாங்கய்யா" என்றாள். பிறகு, முன்தினம் நான் செய்ததைத் தானே ஒருமுறை செய்து பார்க்கலாமா என்று கேட்டாள். என் கணினியைத் திருப்பி வைத்தேன். நான் நாள்தோறும் படிக்கும் செய்தித்தாள் ஒன்றின் பக்கம் திறந்திருந்தது. எஃப் 12 அழுத்தி, பட்டியலை விரித்து, விரலால் திரையைத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். முப்பதைத் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதெல்லாம் யாருங்கய்யா?"

எனக்கும் அவற்றில் பாதிப் பெயர்கள் தெரியவில்லை. மூவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தோம்.